பொருள் வரைந்து வாழ்ந்த பெருந்தலைவர்

இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் வகுத்தருளிய அணுவிரதங்கள் 5. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறர்மனை நயவாமை என்னும் நான்கையும் நம்மவர் குடும்பங்கள் இயன்றவரை காத்து வருகின்றன. ஐந்தாவதாகிய மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதமோ வாயளவில் ஓதப்பெற்று, வாழ்வளவில் தளர்ந்து நிற்கின்றது. எனக்கு இவ்வளவு போதும் என்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்டதனைத் தானத்திற்கு உரியதாக்குவதே பொருள் வரைதல் ஆகும். பரிக்கிரகம் என்பது பொருளைக் குறிப்பதன்று, பொருளின்மேல் கொள்ளும் மயக்கத்தையே குறிப்பது என்று தத்துவார்த்த சூத்திரம் தெளிவாக்குகின்றது. இதனை ஜினாலயத்தில் கேட்கும்போது தலையசைக்கின்றோம். வீடு திரும்பியதும் அடுத்த மனை எங்கே விலைக்கு வரும் என்று பேசுகின்றோம்.

துறவியர் வாழ்வில் இவ்விரதத்திற்குச் சான்றுகள் பல உண்டு. இல்லறத்தார் கேட்பது வேறு. பதவியும் செல்வாக்கும் கைவந்த நிலையில், உலகத்தின் நடுவிலேயே வாழ்ந்து, பொருளில் பற்று வைக்காதவர் யாரேனும் உளரா என்பதே அவர்தம் வினா. அவ்வினாவிற்கு விடையாகத் தமிழகத்தின் முதலமைச்சராகத் திகழ்ந்த பெருந்தலைவர் காமராசரின் வாழ்க்கையை இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் நம் சமயத்தைச் சார்ந்தவர் அல்லர். ஆயினும் குணமுடையோரைக் கண்டவிடத்து உவத்தல் என்னும் பிரமோத பாவனை நமக்கு விதிக்கப்பெற்றதன்றோ! எங்கு குணம் உளதோ அங்கு வணங்குதல் சிராவகர்க்கு அழகேயாம்.

இல்லம்

சென்னை தியாகராய நகரில், திருமலைப் பிள்ளை சாலையில், காமராசர் வாழ்ந்த இல்லம் நினைவு இல்லமாகப் போற்றப்பெற்று வருகின்றது. தண்டலத்திலிருந்து பூந்தமல்லி வழியாகப் பேருந்தில் சென்றால் ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்தில் அங்குச் சேரலாம். தண்டலத்திலும், அதனை அடுத்த திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளிலும் நம்மவர் குடும்பங்கள் சில இப்போது குடியிருக்கின்றன. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களை விட்டு, தொழிற்சாலைப் பணிக்கு வந்த பிள்ளைகளுடன் பெற்றோரும் வந்து தங்கியவர்கள் இவர்கள். கோடை விடுமுறையில் அக்குடும்பங்களின் சிறுவர் சிறுமியரை அழைத்துக்கொண்டு நாம் அந்த இல்லத்திற்குச் சென்று வந்தோம்.

பெருந்தலைவர் பல்லாண்டுகள் வாழ்ந்த வீடு அது. ஆயினும் அது அவருடைய சொந்த வீடன்று, வாடகை வீடே. 1975-ஆம் ஆண்டு அவர் மறைந்த பின்னர், தமிழக அரசு அதனைப் பொறுப்பேற்று நினைவு இல்லமாக்கியது. அவர் பயன்படுத்திய எளிய பொருள்களும், படித்த நூல்களும், அவர்தம் பொதுவாழ்வைக் காட்டும் நிழற்படங்களும் அங்கு வைக்கப்பெற்றுள்ளன. காண்போர் கண்ணைக் கவரும் விலையுயர்ந்த பொருள் எதுவும் அங்கு இல்லை. உடன்வந்த சிறுவன் ஒருவன், முதலமைச்சர் வீட்டில் இவ்வளவுதானா இருந்தது என்று வியந்து கேட்டான். அவ்வியப்பே அந்த இல்லம் கற்பிக்கும் முதற்பாடம் என்று நாம் எண்ணினோம்.

வீடு சிறியதன்று என்பதனையும் மறைக்காமல் கூறவேண்டும். மாடியும் முற்றமும் உடைய நல்ல வீடே அது. தேர்தல் காலத்தில் எதிரணியினர் இவ்வீட்டைக் காட்டி, ஏழைகளின் தோழர் மாளிகையில் வாழலாமா என்று குறை கூறியதும் உண்டு. இங்குத்தான் தத்துவார்த்த சூத்திரம் நமக்குத் துணை நிற்கின்றது. ஒருவன் எத்தனை பெரிய கூரையின்கீழ் உறங்குகின்றான் என்பது வினாவன்று. அக்கூரையைத் தனதென்று பற்றினானா என்பதே வினா. காமராசர் அவ்வீட்டை வாங்க முயலவில்லை. உறவினர்க்கு அதில் உரிமை தேடவும் இல்லை. வழிப்போக்கன் சத்திரத்தில் தங்குவதுபோல் தங்கினார். நாள் வந்தது, நீங்கினார்.

இளமை

காமராசர் 1903-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள், அக்காலத்தில் விருதுபட்டி என வழங்கிய விருதுநகரில் பிறந்தார். தந்தையார் குமாரசாமி நாடார். தாயார் சிவகாமி அம்மையார். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயரிட்டனர். தாயார் ராஜா என்று செல்லமாக அழைக்க, இரண்டும் சேர்ந்து காமராஜ் என நிலைத்தது. நாகம்மாள் என்னும் தங்கை ஒருவர் உண்டு.

காமராசருக்கு 6 வயது நிரம்பிய அளவில் தந்தையார் மறைந்தார். சிவகாமி அம்மையார் தம் நகைகளைக் கொண்டு குடும்பத்தை நடத்தினார். காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, ஊரார் வீடுதோறும் எடுத்துவைத்த பிடியரிசியின் துணைகொண்டு வளர்ந்த பள்ளி. உலை வைக்கும் ஒவ்வொரு தாயும் ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கென்று தனியே இட்டு வைப்பாள். ஊர்ப்பிள்ளைகள் அனைவரும் கட்டணமின்றிப் படிப்பர். இப்பிடியரிசியின் சிறப்பைப் பின்னர் எண்ணிப் பார்ப்போம்.

வறுமையின் காரணமாகக் காமராசரின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. தாய்மாமன் ஒருவரின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். அரசியல் கூட்டங்களை நாடிச் சென்ற பிள்ளையைத் திருத்த எண்ணி, திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த மற்றொரு மாமனிடம் அனுப்பினர். அங்கிருந்தபோதும் வைக்கம் போராட்டம் அவரை ஈர்த்தது. கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் எல்லோரும் நடக்க உரிமை வேண்டி 1924-இல் தொடங்கிய அறப்போர் அது.

சிறையும் தொண்டும்

1919-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஜாலியன்வாலா பாக் படுகொலை அவர் உள்ளத்தைச் சுட்டது. காங்கிரசுத் தொண்டரானார். 1930-இல் இராசாசி தலைமையில் நடந்த வேதாரணியம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் பங்கேற்று, கல்கத்தாவின் அலிப்பூர்ச் சிறைக்கு அனுப்பப்பெற்றார். பின்னரும் வேலூர், அமராவதி எனச் சிறைகள் தொடர்ந்தன. ஏறத்தாழ 9 ஆண்டுகள் சிறையில் கழிந்தன. பள்ளியில் கிடைக்காத படிப்பைச் சிறையில் நூல்களின் வாயிலாகப் பெற்றார். தீரர் சத்தியமூர்த்தியை வழிகாட்டியாகக் கொண்ட அவர், 1940-இல் தமிழ்நாடு காங்கிரசின் தலைவரானார்.

அவர் சிறையில் இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்று நம் கருத்திற்கு மிகவும் பொருந்துவதாகும். 1941-இல் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே, விருதுநகர் நகராட்சித் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தனர். விடுதலை பெற்று வந்த அவர், பதவியை ஏற்றுக்கொண்ட மாத்திரத்தில் அதிலிருந்து விலகினார். முழுமையாக உழைக்க இயலாத ஒரு பதவியைப் பெயரளவில் வைத்திருத்தல் முறையன்று என்பது அவர் கருத்து. பிறர் தேடி அலையும் பதவியும் ஒரு பரிக்கிரகமே. அதனை எளிதில் விடக்கூடியவரே பின்னர் அதனைச் செவ்வனே ஆளவும் கூடும்.

பள்ளியும் உணவும்

1954-ஆம் ஆண்டு ஏப்பிரல் 13-ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார். வட ஆர்க்காட்டுக் குடியாத்தம் தொகுதியில் நின்று சட்டமன்றத்திற்கு வந்தார். கட்சித் தலைமைக்கு நடந்த போட்டியில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியம் அவர்களையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலம் அவர்களையும் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். அமைச்சர்கள் 8 பேரே. பகை பாராட்டாமையும் ஆடம்பரம் இன்மையும் அவர் ஆட்சியின் தொடக்கத்திலேயே புலப்பட்டன.

1953-இல் கொண்டுவரப்பெற்ற அரைநாள் கல்வித் திட்டத்தை நீக்கினார். 1 மைலுக்குள் தொடக்கப்பள்ளி, 3 மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, 5 மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்னும் குறிக்கோளை வைத்துக்கொண்டு பள்ளிகளைப் பெருக்கினார். கல்வித்துறை இயக்குநராக விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் அவருக்கு வலக்கரமாக நின்றார்.

சிற்றூர்களில் மாடு மேய்க்கும் சிறுவர்கள் பள்ளிக்கு வாராததற்குப் பசியே காரணம் என்பதனை அவர் தம் சுற்றுப்பயணங்களில் கண்டறிந்தார். படிக்க வந்தால் சோறு யார் தருவார் என்று ஒரு சிறுவன் கேட்டதே அவரைச் சிந்திக்க வைத்தது என்று கூறுவர். 1956-இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. முதலில் ஊராரின் கொடையால் நடந்தது. பின்னர் அரசும் பங்கேற்றது. ஓர் உணவிற்கு ஆகும் 10 காசில் 6 காசு அரசு தர, 4 காசு ஊரார் தரவேண்டும் என்பது ஏற்பாடு. அரசே முழுவதும் தந்திருந்தால் அது சலுகை ஆகியிருக்கும். ஊராரும் சேர்ந்து தந்தமையால் அது தானமாயிற்று. விருதுநகர்த் தாய்மாரின் பிடியரிசி இவ்வாறு தமிழ்நாடு முழுவதற்கும் பரவியது என்று நாம் கருதுகின்றோம்.

1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இக்கருத்தின் விரிவே ஆகும். முதல் மாநாடு, அக்காலச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கடம்பத்தூரில் நடைபெற்றது. தண்டலத்திலிருந்து அது நெடுந்தொலைவன்று. மேசை, நாற்காலி, கரும்பலகை, கடிகாரம், புத்தகம், விளக்கு என்று ஊரார் தத்தம் பள்ளிக்குக் கொணர்ந்து கொடுத்தனர். பணமாகக் கொடுக்க இயலாதவர் உடலுழைப்பைக் கொடுத்தனர். ஏழை பணக்காரன் என்னும் வேறுபாடு வகுப்பறையில் தோன்றாதிருக்கச் சீருடையும் வந்தது.

ஆசிரியர்க்கு அவர் செய்த நன்மையையும் இங்குக் குறித்தல் வேண்டும். 1955-இல் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்க்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்புறுதி என்னும் மூன்றும் சேர்ந்த மும்முனைப் பயன் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர், வாழ்நாள் முழுவதும் பிறர் பிள்ளைகளுக்கு அறிவூட்டிய ஆசிரியர் முதுமையில் வெறுங்கையுடன் வீடு திரும்பினார். அவர் ஆட்சிக்காலத்தில் எழுத்தறிந்து, பின்னர் ஆசிரியப் பணியேற்று, இன்று ஓய்வூதியம் பெறும் நம் போன்றோர்க்கு அவரை நினைத்தல் நன்றிக்கடனாகும்.

பள்ளி என்னும் சொல்

பள்ளி என்னும் சொல் முற்காலத்தில் நம் முனிவர்கள் தங்கிய உறைவிடத்தைக் குறித்தது. அங்குச் சிறுவர்க்கு எழுத்தும் அறமும் கற்பித்தமையால், நாளடைவில் கல்விக்கூடத்திற்கே அப்பெயர் உரியதாயிற்று. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் சமணமும் தமிழும் என்னும் தம் நூலில் இதனை விளக்கியுள்ளார். ஆதிபகவன் தம் மகளிராகிய பிராமிக்கு எழுத்தையும், சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தருளினார் என்பது நாம் போற்றும் வரலாறு. கல்வி முதன்முதலில் பெண்மக்களுக்கே வழங்கப்பெற்றது என்பதனை எண்ணுந்தோறும் நெஞ்சம் நிறைகின்றது.

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்கள் சிராவகர்க்கு உரியவை. காமராசர் ஆட்சியில் உணவும் கல்வியும் ஒரே கூரையின்கீழ் ஏழைச் சிறார்க்குக் கிடைத்தன. நம் நூல்கள் விதித்ததனை, நம் சமயத்தவர் அல்லாத ஒருவர் நாடளாவிய முறையில் நடத்திக் காட்டினார். அத்திட்டம் 1982-இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்தது. அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

தொழிலும் நீரும்

அவருடைய ஆட்சியில் வேளாண்மைக்கு வைகை, சாத்தனூர், கிருட்டிணகிரி, மணிமுத்தாறு, அமராவதி முதலிய அணைகள் எழுந்தன. சாத்தனூர் அணையால் தென்பெண்ணை நீர் பாய்ந்த பகுதிகளில் உள்ள உழவர் குடும்பங்கள் அதன் பயனை நன்கறியும். தொழிலுக்குக் கிண்டி, அம்பத்தூர்த் தொழிற்பேட்டைகள் தோன்றின. பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலையும், நெய்வேலி நிலக்கரி நிறுவனமும், திருச்சிராப்பள்ளி கொதிகலன் தொழிற்சாலையும் அக்காலத்தில் உருப்பெற்றவையே. திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் பெருகியது 1990-களின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னரும் ஆகும். எனினும், அவற்றில் பணிசெய்யும் இளைஞர்க்கு வேண்டிய படிப்பும் கைத்திறனும் தமிழகத்தில் எவ்வாறு வந்தன என்று ஆராய்ந்தால், 1950-களில் சிற்றூர்களில் திறந்த பள்ளிகளையே சென்றடைவோம்.

தாயும் மகனும்

காமராசர் மணம் செய்துகொள்ளவில்லை. முதலமைச்சரான பின்னரும் தாயார் விருதுநகரில் தம் பழைய வீட்டிலேயே இருந்தார். அவ்வீடும் இப்போது நினைவு இல்லமாக உள்ளது. மாதந்தோறும் 120 ரூபாய் தாயார்க்கு அனுப்பி வந்தார் என்பர். அதனை உயர்த்த வேண்டியபோதும் உடன்படவில்லை என்றும், நகராட்சியார் தாயார் வீட்டிற்குத் தனியே குடிநீர்க் குழாய் அமைத்ததனை அறிந்து அதனை அகற்றச் செய்தார் என்றும் கூறுவர்.

இதனைப் படிக்கும் தாய்மார்களின் உள்ளம் சிறிது வருந்தக்கூடும். நமக்கும் அவ்வருத்தம் உண்டு. தந்தையற்ற பிள்ளையை நகைவிற்று வளர்த்த தாய்க்கு ஒரு குழாயும் கூடாதா என்று தோன்றுவது இயல்பே. ஆயின், தெருவில் உள்ள பிற தாய்மாரும் குடத்துடன் பொதுக்குழாயில்தான் நின்றனர் என்பதனையும் எண்ணவேண்டும். தன் பொருளைத் தாய்க்குக் கொடுத்தல் கடமை. ஊர்ப்பொருளைத் தாய்க்குக் கொடுத்தல் களவு. மூன்றாம் அணுவிரதமும் ஐந்தாம் அணுவிரதமும் இங்கு ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. அவ்விரதத்தின் சுமையில் ஒரு பங்கைச் சிவகாமி அம்மையாரும் சுமந்தார். மகனைப் போற்றும்போது அம்மூதாட்டியையும் உடன்போற்றுதல் முறை.

பதவியைத் துறத்தல்

1963-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், மக்கள் செல்வாக்குடன் விளங்கிய காலத்திலேயே, காமராசர் முதலமைச்சர் பதவியைத் துறந்தார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சித் தொண்டிற்குத் திரும்பவேண்டும் என்று அவர் வகுத்த திட்டம் காமராசர் திட்டம் எனப் பெயர்பெற்றது. அதன்படி மத்திய அமைச்சர் 6 பேரும், மாநில முதலமைச்சர் 6 பேரும் விலகினர். பிறர்க்குச் சொன்னதனைத் தாம் முதலில் செய்தார். பின்னர் அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். 1964-இல் நேரு மறைந்தபோது லால் பகதூர் சாத்திரியும், 1966-இல் சாத்திரி மறைந்தபோது இந்திரா காந்தியும் பிரதமராவதற்கு அவரே முன்னின்றார். தாம் அப்பதவியை நாடவில்லை.

1967 தேர்தலில் பிறந்த ஊராகிய விருதுநகரிலேயே, இளைஞர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்கு வேறுபாட்டில் தோல்வியுற்றார். மக்களின் தீர்ப்பைக் குறைகூறாமல் ஏற்றார். புகழும் இகழும் ஒன்றென நோக்கும் சமநிலையை இங்குக் காண்கின்றோம். 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் சென்றார். அவ்வாண்டே காங்கிரசு பிளவுற்றது; அதன் பின்னர் அவர் செல்வாக்கும் சுருங்கியது. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, திருமலைப் பிள்ளை சாலை இல்லத்தில் அவர் உயிர் நீத்தார். 1976-இல் பாரத ரத்தினா விருது அவருக்கு வழங்கப்பெற்றது.

அவர் விட்டுச்சென்ற உடைமை யாது? சில வேட்டி சட்டைகளும், செருப்பும், நூல்களும், நூற்றுச் சொச்சம் ரூபாயுமே என்பர். 9 ஆண்டுகளுக்கு மேல் ஒரு மாநிலத்தின் கருவூலம் அவர் ஆணையின்கீழ் இருந்தது. அதில் ஒரு காசும் அவர் கையில் ஒட்டவில்லை.

நாம் செய்யத்தக்கது

தண்டலம் பகுதியில் வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்வரலாறு ஒரு வினாவை எழுப்புகின்றது. ஒரு தலைமுறைக்கு முன்னர் மணிலாக்கொட்டையும் நெல்லும் விளைவித்து, மழையை நோக்கி வாழ்ந்தோம். இன்று மாதச் சம்பளமும், அடுக்குமாடி வீடும், வாகனமும் உள்ளன. செல்வம் வருதல் குற்றமன்று. எல்லை வகுக்காமையே குற்றம். பிள்ளைகள் வேலை செய்யும் அதே தொழிற்சாலைகளைச் சூழ, வடமாநிலங்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளர் குடும்பங்களும் வாழ்கின்றன. தமிழறியாத அச்சிறார் பலர்க்குப் பள்ளி எட்டாத் தொலைவில் உள்ளது. படிக்க வந்தால் சோறு யார் தருவார் என்ற அன்றைய சிறுவனின் வினா, இன்று வேறொரு மொழியில் நம் தெருவிலேயே கேட்கின்றது.

இதற்குப் பெருந்தொகை வேண்டுவதில்லை. வீட்டிற்கு ஒரு பிடி அரிசி, வாரத்தில் ஒரு மாலைப்பொழுது, படித்த மகளிர் இருவர் மூவர் என்ற அளவிலேயே ஒரு சிறு மாலைப்பள்ளியைத் தொடங்கிவிடலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே பலர் உளர். சூலை 15-ஆம் நாளைத் தமிழகம் 2006 முதல் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகின்றது. சிரேயாம்ச மன்னன் ஆதிபகவனுக்கு முதல் ஆகார தானம் அளித்த அட்சய திருதியை நாளை நாம் கொண்டாடுகின்றோம். அன்று பொன் வாங்க வரிசையில் நிற்பதனினும், ஓர் ஏழைச் சிறுமிக்குப் பலகையும் பாடநூலும் உணவும் கொடுப்பது அந்நாளின் பொருளுக்கு ஏற்றதாகும்.

வரும் விடுமுறையில் அன்பர்கள் தம் பிள்ளைகளைத் திருமலைப் பிள்ளை சாலை இல்லத்திற்கு அழைத்துச் செல்க. அங்குள்ள பொருள்களை எண்ணச் சொல்க. பின்னர் வீடு வந்து, நம் அலமாரிகளில் உள்ளவற்றையும் எண்ணச் சொல்க. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவோ அவ்வளவும் நாம் தானம் செய்தற்கு உரியதென்று பிள்ளைகளுக்கு விளங்கும், நமக்கும் விளங்கும்.

அறம் வளர்க! அருள் பெருகுக!